யாருக்குப் பதில் சொன்னார்கள்? மிசூரி இதழியல் பள்ளியும் அதன் மாணவர்களும்

(இதழியல் துறை மாணவர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன கிளைப்பேச்சுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளன.)



புகழ்பெற்ற இதழியல் பள்ளிகளையும் அவற்றின் பழைய மாணவர்களையும் பற்றிப் பேசுமாறு அழைப்புக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அந்தப் பன்மையை ஒருமையாக்கிக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா என்ற ஊரில், 1908 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய மிசூரி பல்கலைக்கழக இதழியல் பள்ளிதான் இன்றைய பேச்சின் பொருள். உலகின் முதல் இதழியல் பள்ளி என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளும். பாரிஸில் 1899இலேயே ஒரு பள்ளி இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் உள்ளே, தனிப் பட்டத்தோடு நடக்கும் பள்ளி என்று எடுத்துக்கொண்டால் மிசூரிக்காரர்களின் உரிமை நிற்கும்.

ஊர்ப்பெயர் நம்மவர்களைக் குழப்பும். ‘இந்து’ என். ராம் படித்த கொலம்பியா, நியூயார்க்கில் இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகம். ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற பணத்தில் 1912இல் தொடங்கிய பள்ளி அது. நான் சொல்வது கான்சஸ் சிட்டிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடையே இருக்கும் ஒரு கல்லூரி ஊரை.

பழைய மாணவர் பட்டியல் என்றாலே விருது, பதவி, புகழ் என்ற வரிசையில் படிக்கப் பழகிவிட்டோம். அப்படிப் படித்தால் ஒரு பள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியவராது. இன்று நான் முன்வைப்பது வேறொரு வாசிப்பு: ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘இவர் யாருக்குப் பதில் சொல்லி வாழ்ந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள். வாசகருக்கா, அரசுக்கா, முதலாளிக்கா? மிசூரிப் பள்ளியை இந்தக் கேள்வியால் சோதிக்கலாம். ஏனென்றால் அந்தக் கேள்வியை முதல் நாளிலேயே மாணவர் தலையில் ஏற்றியது அந்தப் பள்ளிதான்.

1. ஒரு பள்ளி, ஒரு நாளிதழ்

நிறுவனர் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படி ஏறாதவர். 1864இல் மிசூரியின் பூன்வில் ஊரில் பிறந்து, அச்சுக்கூடத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, ஆசிரியரானவர். கொலம்பியா ஊரின் ‘ஹெரால்ட்’ இதழை நடத்தினார். பிறகு பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இடம்பெற்றார். இதழியல் பள்ளி வேண்டும் என்று மாநிலப் பத்திரிகையாளர் சங்கத்தோடு சேர்ந்து பல ஆண்டுகள் வாதாடினார். பட்டமில்லாத அவரையே பள்ளியின் முதல்வராக்கினார்கள். 1931இல் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். நம் ஊரில் இதற்குத் தகுதிச் சான்று கேட்டே கோப்பு மூடப்பட்டிருக்கும்.

அன்று எதிர்ப்புக்குக் குறைவில்லை. நிருபர் என்பவர் செய்தி அறையில் உருவாகிறவர், வகுப்பறையில் அல்ல என்பது மூத்த ஆசிரியர்களின் கட்சி. வில்லியம்ஸ் அவர்களோடு வாதம் செய்யவில்லை. வகுப்பறையையே செய்தி அறையாக்கிவிட்டார். வகுப்பு தொடங்கிய அதே நாளில் ‘யுனிவர்சிட்டி மிசூரியன்’ என்ற நாளிதழின் முதல் இதழ் வெளிவந்தது. மாணவர்கள் நிருபர்கள், ஆசிரியர்கள் பொறுப்பாசிரியர்கள். செய்தி மட்டுமல்ல, விளம்பரமும் மாணவர் தேடிக் கொண்டுவர வேண்டும். நகரசபை, நீதிமன்றம், தீ விபத்து, சாவு, கல்யாணம் எல்லாம் எழுத வேண்டும். ஊரின் மற்றப் பத்திரிகைகளோடு போட்டி போட வேண்டும். அரசுப் பணத்தில் வளரும் பல்கலைக்கழகம் வணிகப் பத்திரிகை நடத்தலாமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அதற்கென ஒரு தனிச் சங்கம் அமைத்து நடத்தினார்கள். ‘கொலம்பியா மிசூரியன்’ என்று பெயர் மாறிய அந்தப் பத்திரிகை இன்றும் உண்டு. 1953இல் பல்கலைக்கழகமே ஒரு வணிகத் தொலைக்காட்சி நிலையத்தையும் தொடங்கி மாணவர் கையில் கொடுத்தது.

நம் துறைகளிலும் லேப் ஜர்னல், அதாவது மாணவர் பயிற்சி இதழ், போடுகிறோம். அதை யார் படிக்கிறார்கள்? துறைத் தலைவர், வெளித் தேர்வாளர், எழுதிய பிள்ளையின் அம்மா. தவறாக எழுதினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மிசூரி மாணவர் இறந்தவரின் வயதைத் தவறாக எழுதினால் மறுநாள் காலை மளிகைக் கடையில் அந்தக் குடும்பத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம்தான் பாடத்திட்டம். வில்லியம்ஸ் பிற்பாடு எழுதிய ‘இதழாளர் உறுதிமொழி’ வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தின் சுவரில் வெண்கலத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. செய்தித்தாள் பொதுமக்கள் நம்பி ஒப்படைத்த சொத்து என்பதும், உள்ளத்தில் உண்மை என்று படாததை எழுதக் கூடாது என்பதும் அதன் சாரம். அழகான உரைநடை, ஆனால் மளிகைக் கடையை நான் அதைவிட அதிகம் நம்புகிறேன்.

2. முதல் ஆசிரியரும் முதல் மாணவியும்

தொடக்கத்தில் வில்லியம்ஸோடு பாடம் நடத்தியவர்களில் ஒருவர் சார்லஸ் ராஸ். மிசூரியின் இண்டிபென்டன்ஸ் ஊரில் ஹாரி ட்ரூமனோடு ஒரே வகுப்பில் படித்து 1901இல் பள்ளி முடித்தவர். 1918இல் ‘செயின்ட் லூயிஸ் போஸ்ட் டிஸ்பாட்ச்’ பத்திரிகைக்குப் போனார். பொருளாதாரப் பெருமந்தம் பற்றிய கட்டுரைக்காக 1932இல் புலிட்சர் பரிசு பெற்றார். 1945இல் ட்ரூமன் குடியரசுத் தலைவரானபோது, பழைய வகுப்புத் தோழரைப் பத்திரிகைச் செயலராக அழைத்துக்கொண்டார். 1950 டிசம்பர் 5 அன்று வெள்ளை மாளிகையில், தம் மேசையிலேயே ராஸ் இறந்துபோனார். அன்று மாலை ட்ரூமனின் மகள் மார்கரெட் வாஷிங்டனில் பாடினார். ‘வாஷிங்டன் போஸ்ட்’ இசை விமர்சகர் பால் ஹியூம் கடுமையாக எழுதினார். கோபத்தில் கொதித்த தந்தை விமர்சகரை மிரட்டித் தம் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட, அது ஊர் சிரிக்கும் சங்கதியாயிற்று. ராஸ் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கடிதம் தபால் பெட்டியை எட்டியிருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு.

என் கேள்விக்கு ராஸ் எளிதில் அகப்படுவதில்லை. பத்து ஆண்டுகள் மாணவருக்குக் கற்றுக்கொடுத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாசகருக்கு எழுதியவர், கடைசி ஐந்தாண்டுகள் ஒரே ஒரு மனிதருக்குப் பதில் சொன்னார். அந்த மனிதரின் தவறுகளைத் தடுப்பதும் நாட்டுக்குச் செய்யும் சேவைதானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அது இதழியல் அல்ல.

அதே இண்டிபென்டன்ஸ் ஊர்க்காரர் மேரி பாக்ஸ்டன். 1910இல் இதழியல் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் பெண். ‘கான்சஸ் சிட்டி போஸ்ட்’ பத்திரிகையின் முதல் பெண் நிருபராகச் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் வீரர்களுக்கான தொண்டில் இருந்தார். பிறகு கொலம்பியா ஊருக்கே திரும்பி, அங்கிருந்த பெண்கள் கல்லூரியில் இதழியல் கற்பித்தார். 1986இல், நூறு வயதில், இறந்தார். அந்த ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவர் பெயர் இருக்கிறது. புகழ்வரிசைப் பட்டியலில் இவர் அடிக்குறிப்பு. என் வரிசையில் மேலே.

3. ஷாங்காய்

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகும் பகுதி. முதல் தலைமுறை மிசூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாகச் சீனாவுக்குப் போனார்கள். வில்லியம்ஸ் உலகம் சுற்றியவர். கிழக்கில் அவருக்குத் தொடர்புகள் இருந்தன. மிசூரிக்காரர் ஒருவர் வேலையில் சேர்ந்தால் அடுத்தவரை அழைப்பார். பெய்ஜிங்கின் யென்சிங் பல்கலைக்கழக இதழியல் துறை 1924இல் தொடங்கியதிலும் மிசூரியின் கை உண்டு. சிற்றூர் நாளிதழில் கற்ற முறை ஏகாதிபத்தியங்கள் மோதும் துறைமுக நகரத்தில் என்ன ஆகும்? மூன்று பேரைப் பார்ப்போம்.

ஜான் பி. பவல் 1910ஆம் ஆண்டு மாணவர். 1917இல் ஷாங்காய்க்குப் போய், தாமஸ் மில்லார்டு என்ற மூத்த மிசூரிக்காரர் தொடங்கிய வார இதழில் சேர்ந்தார். பின்னர் அதைத் தாமே ஏற்று ‘சைனா வீக்லி ரிவியூ’ என்று பெயர் மாற்றி நடத்தினார். 1923 மே மாதம் லின்செங்கில் கொள்ளைக்காரர்கள் விரைவு ரயிலை மறித்துப் பயணிகளைப் பிணை பிடித்தபோது பவலும் பிடிபட்டார். அது விபத்து. பின்னால் நடந்தது விபத்தல்ல. ஜப்பானிய ஆக்கிரமிப்பை அவர் விடாமல் எழுதினார். அவர்மீது கைக்குண்டு வீசினார்கள், வெடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஷாங்காயின் வெளிநாட்டுக் குடியிருப்பும் ஜப்பான் வசமானபோது அவரைப் பிடித்து ‘பிரிட்ஜ் ஹவுஸ்’ சிறையில் அடைத்தார்கள். குளிரிலும் பட்டினியிலும் பாதங்கள் அழுகின. 1942இல் கைதிகள் பரிமாற்றத்தில் அமெரிக்கா திரும்பியபோது, இரு பாதங்களின் பெரும்பகுதியை இழந்திருந்தார். 1945இல் தம் இருபத்தைந்து ஆண்டுச் சீன வாழ்க்கையை நூலாக எழுதினார், 1947இல் இறந்தார்.

அந்தப் பத்திரிகையின் வாசகர்கள் யார்? ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டு வணிகர்கள், ஆங்கிலம் கற்ற சீன இளைஞர்கள். வணிகர்களில் பலருக்கு ஜப்பானைப் பகைப்பது பிடிக்கவில்லை. வாசகருக்குப் பதில் சொல்வது வாசகர் விரும்புவதை எழுதுவதல்ல என்பதற்குப் பவலைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாமவர் எட்கர் ஸ்நோ. பட்டம் வாங்கவில்லை, சில காலம் மிசூரியில் படித்துவிட்டு நியூயார்க்கில் விளம்பரத் தொழிலுக்குப் போனவர். 1928இல் ஊர் சுற்றக் கிளம்பி ஷாங்காய் வந்து இறங்கியபோது, பவலுக்கு வில்லியம்ஸ் எழுதிய அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. ஆறு வாரம் தங்குவதாகத் திட்டம். பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1936இல் அரசுப் படைகளின் முற்றுகையைத் தாண்டி வடமேற்கே போய்க் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவை நேரில் கண்டார். ‘ரெட் ஸ்டார் ஓவர் சைனா’ 1937இல் வெளிவந்தது. அதுவரை வெறும் வதந்தியாக இருந்த மாவோவின் படையை உலகம் அந்தப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தது. இந்தியாவோடும் அவருக்குத் தொடர்புண்டு: 1948 ஜனவரியில் காந்தி கொல்லப்பட்டபோது தில்லியில் இருந்து ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு எழுதியவர் அவர்.

ஸ்நோ மாவோவை மிகையாக நம்பினார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மாவோ தம் வாழ்க்கையைச் சொன்ன பகுதியை மாவோவின் ஆட்கள் சரிபார்த்தே கொடுத்தார்கள். பேட்டி அளிப்பவருக்கே பிரதியைக் காட்டும் வழக்கம் மிசூரியன் அலுவலகத்தில் நடந்திருக்காது.

மூன்றாமவர்தான் என்னை மிகவும் தொந்தரவு செய்பவர். ஹாலிங்டன் டோங், சீனர், நிங்போ பக்கத்துக்காரர். மிசூரியில் 1912இல் பட்டம் பெற்று, புலிட்சர் பணத்தில் அப்போதுதான் திறந்திருந்த நியூயார்க் பள்ளியிலும் படித்தார். இரண்டு பள்ளிகளின் பாடமும் கேட்டவர் உலகிலேயே அப்போது சிலர்தான் இருந்திருப்பார்கள். நாடு திரும்பி ஷாங்காயில் ஆசிரியராக நல்ல பெயர் எடுத்தார். பின்னாளில் சீன அரசின் தலைவரான சியாங் கை-ஷெக்குக்கு இளமையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த உறவும் இருந்தது. 1937இல் ஜப்பானோடு போர் மூண்டபோது அரசின் தகவல் துறைத் துணை அமைச்சரானார். போர்க்காலத் தலைநகரான சோங்கிங்கில் வெளிநாட்டு நிருபர்கள் தங்க விடுதி அமைத்தவர் அவர். அவர்களுடைய செய்திகள் தணிக்கைக்குப் போன அலுவலகமும் அவர் பொறுப்பில் இருந்தது.

1942-43இல் ஹெனான் மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். ‘டைம்’ இதழின் தியடோர் ஒயிட், ஒரு காலத்தில் டோங்கின் கீழேயே வேலை பார்த்தவர், நேரில் போய்ப் பார்த்தார். எழுதியதைச் சோங்கிங் வழியாக அனுப்பினால் தணிக்கையில் மாட்டும். லோயாங் தந்தி நிலையத்திலிருந்தே அனுப்பினார். எப்படியோ அது தணிக்கையில்லாமல் நியூயார்க் சேர்ந்து 1943 மார்ச்சில் அச்சாயிற்று. அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்த திருமதி சியாங், ஒயிட்டை வேலையை விட்டு நீக்கச் சொன்னார். முதலாளி ஹென்றி லூஸ் மறுத்தார்.

இதழாளர் உறுதிமொழியை எழுதியவரிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர் தணிக்கையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஹார்வர்டில் சீன வரலாறு படித்த ஒயிட் அந்தப் பக்கம் நின்றார். டோங் கொடியவர் அல்ல. நாடு அழிந்துகொண்டிருந்த நேரத்தில் அரசைக் காப்பதே மக்களைக் காப்பது என்று அவர் நம்பினார். பின்னாளில் தைவான் அரசின் தூதராக ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பணியாற்றினார். எல்லாப் பழைய மாணவர் பட்டியலிலும் அவர் பெயர் பெருமையோடு இருக்கிறது. இருக்கட்டும், பக்கத்தில் ஹெனானையும் எழுதிவைக்க வேண்டும்.

4. கதவுக்கு வெளியே

ஊருக்குப் பதில் சொல்லும் பத்திரிகை என்றேன். எந்த ஊருக்கு? 1923 ஏப்ரலில் கொலம்பியாவில் ஜேம்ஸ் டி. ஸ்காட் என்ற கறுப்பினத்தவரை, பல்கலைக்கழகத் துப்புரவுப் பணியாளரை, ஒரு கும்பல் சிறையை உடைத்து இழுத்துப்போய்ப் பாலத்தில் தூக்கிலிட்டது. ஸ்காட்மீதான குற்றச்சாட்டு நீதிமன்ற விசாரணைக்கே வரவில்லை. கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் மிசூரியன் மாணவ நிருபர் சார்லஸ் நட்டரும் ஒருவர். அவர் எழுதினார், பிறகு அந்தக் கும்பல் கொலை குறித்த வழக்கில் சாட்சியும் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். தன் ஊர்க்காரர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறிய அந்த மாணவர் எந்த மதிப்பெண்ணுக்காகவும் அதைச் செய்யவில்லை.

ஆனால் ஸ்காட்டின் இனத்தவர் அந்தப் பள்ளியில் படிக்க முடியாது. லூசில் புளூஃபோர்டு 1932இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் முடித்து, ‘கான்சஸ் சிட்டி கால்’ என்ற கறுப்பினத்தவர் இதழில் பொறுப்பான பணியில் இருந்தார். 1939இல் மிசூரியில் முதுகலைக்கு விண்ணப்பித்தார். கடிதத்தில் இடம் கிடைத்தது. நேரில் போய் நின்றபோது நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மீண்டும் விண்ணப்பித்தார், மொத்தம் பதினொரு முறை. வழக்கும் தொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டக் கல்லூரி இடத்துக்காக லாய்டு கெயின்ஸ் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. கெயின்ஸ் 1939 மார்ச்சில் சிகாகோவில் காணாமல் போனார், இன்றுவரை தடயமில்லை. அதைப் படித்துவிட்டும் புளூஃபோர்டு பின்வாங்கவில்லை. தம் போராட்டத்தைத் தம் பத்திரிகையிலேயே எழுதினார்.

1941இல் மாநில உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவருக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இல்லையானால் இவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பள்ளி என்ன செய்தது? போரினால் ஆள் இல்லை என்று சொல்லி முதுகலை வகுப்பையே மூடியது. 1942இல் லிங்கனில் அவசரமாக ஓர் இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. மிசூரி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் சேர 1950 ஆயிற்று.

புளூஃபோர்டு ‘கால்’ இதழின் ஆசிரியரும் வெளியீட்டாளருமாகி, 2003இல் இறக்கும்வரை அந்தச் சமூகத்துக்கே எழுதினார். 1984இல் இதழியல் பள்ளி அவருக்குக் கௌரவப் பதக்கம் தந்தது. 1989இல் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. பள்ளிக்குள் வந்த எவரையும்விடப் பள்ளியின் கொள்கைப்படி வாழ்ந்தவர், பள்ளி உள்ளே விடாத இவர்தான் என்பது என் துணிபு.

5. பாதியில் போனவர்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள். நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 1929இல் மிசூரிக்கு இதழியல் படிக்க வந்தார். பாடம் ஓடவில்லை, இராணுவப் பயிற்சியில் தோற்றதும் தந்தை படிப்பை நிறுத்திக் காலணி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்த்தார். நடிகர் பிராட் பிட் விளம்பரப் பிரிவில் படித்து, 1986இல் பட்டத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பிவிட்டார். துறையின் விளம்பரத் தாளில் இப்படிப்பட்ட பெயர்கள்தான் பெரிய எழுத்தில் வரும். இவர்களால் பள்ளிக்கும் பெருமையில்லை, சிறுமையுமில்லை.

6. படைவீரரும் பார்வையாளரும்

ஹால் பாயில் 1932இல் பட்டம் பெற்றவர், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர். 1942இல் வட ஆப்பிரிக்கக் கரையில் படையோடு இறங்கினார். தளபதிகளின் வரைபடத்தை விட்டுவிட்டுக் காலாட்படை வீரனோடு நடந்தார். வீரனின் பெயர், சொந்த ஊர், என்ன சாப்பிட்டான் என்று எழுதினார். 1945இல் புலிட்சர் கிடைத்தது. 1974இல் இறக்கும்வரை எழுதிய பத்திகள் ஏழாயிரத்துக்கு மேல். ஊர்ப்பெயரை எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஐயோவாவிலோ டெக்சாஸிலோ இருக்கும் ஒரு தாய் அந்த வரியைத் தேடிப் படிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

ஜிம் லேரர் 1956இல் பட்டம் பெற்றார். கான்சஸில் சிறிய பேருந்து நிறுவனம் நடத்திய குடும்பம். படிக்கும்போது பேருந்து நிலையத்தில் சீட்டு விற்று, வண்டி புறப்படும் அறிவிப்பும் செய்தவர். 1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் விமான நிலையத்தில் நிருபராக நின்றார். கென்னடியின் காருக்குக் கண்ணாடிக் கூரை இருக்குமா என்று அலுவலகம் கேட்கச் சொல்ல, ஒரு பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டார். மழை விட்டிருந்தது, கூரையை எடுத்துவிடச் சொன்னார் அதிகாரி. அந்தக் கேள்வி லேரரை வாழ்நாள் முழுக்க உறுத்தியது. 2013இல் அதை வைத்து ஒரு நாவலே எழுதினார். 1973இல் வாட்டர்கேட் விசாரணையை ராபர்ட் மெக்நீலோடு சேர்ந்து பொதுத் தொலைக்காட்சியில் வழங்கினார். 1975இல் தொடங்கிய அவர்களுடைய செய்தி நிகழ்ச்சி 1983இல் ஒரு மணி நேரமாக வளர்ந்தது. பார்ப்பவரும் தம்மைப் போல அறிவுள்ளவர் என்று எண்ணிக்கொள்ள வேண்டும், தாம் கேளிக்கைத் தொழிலில் இல்லை என்பவை அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதிகள்.

பன்னிரண்டு குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதங்களை லேரர் நடத்தினார். கடைசி விவாதம் 2012 அக்டோபர் 3, டென்வரில், ஒபாமாவும் ராம்னியும். வேட்பாளர்கள் நேரம் மீறிப் பேச, இவர் அடக்கத் தவறிவிட்டார் என்று பத்திரிகைகள் கிழித்தன. வேட்பாளர்கள் ஒருவரோடொருவர் நேரடியாக மோதட்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு வகுக்கப்பட்டது, குறுக்கே விழுவது தம் வேலையல்ல என்றார் லேரர். நான் அவர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் சில இடங்களில் குறுக்கிட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. நம் தொலைக்காட்சிகளில் இரவு எட்டு மணி விவாதங்களை நெறியாளர் எப்படி நடத்துகிறார் என்று நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த டென்வர் ஒளிப்பதிவு முழுதாகக் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம். வகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, லேரர் எங்கே பேசியிருக்க வேண்டும், எங்கே சும்மா இருந்தது சரி என்று நிமிடக் கணக்கோடு குறித்துவையுங்கள். உங்கள் பேராசிரியர்கள் இசைந்தால், அந்தக் குறிப்புகளைச் சரிபார்க்க நானே இன்னொரு நாள் வருகிறேன்.